பெரியவன் பூட்ஸ் தைத்த கதை

அம்மாவுக்கு,

வாட்ஸப்பில் படத்தைப் பார்த்துவிட்டு, “முட்டி வரைக்கும் கறுப்பா என்னடா அது, கால்ல மாவுக்கட்டா?” என்று கேட்டிருந்தாய். மாவுக்கட்டு இல்லை, குதிரை பூட்ஸ். கதையை ‘நான்’, ‘எனக்கு’ என்று எழுதினால் சின்னவள் படித்துக் காட்டும்போதே சிரித்துக் கெடுத்துவிடுவாள். ஆகவே மத்தியானத்தில் நீ படிக்கிற வாரப் பத்திரிகைப் பாணியில், யாரோ ஒருத்தன் கதையாக, ‘பெரியவன்’ என்றே போட்டிருக்கிறது.

பெரியவன் இருக்கிற வெஸ்ட்ஃபாலியா குதிரைச் சீமை. ஜெர்மனியின் குதிரையேற்ற சம்மேளனத்துக்குத் தலைமை அலுவலகம் இங்கே வாரன்டார்ஃபில்தான் இருக்கிறது. 1826-ல் தொடங்கிய அரசுப் பொலிகுதிரைப் பண்ணையும் அங்கேதான். பொலிகுதிரைகள் அணிவகுத்துப் போவதை ஜனங்கள் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து பார்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில், வேலை பார்க்கிற டைல்ஸ் கம்பெனிக் கூட்டாளிகள் சனிக்கிழமைதோறும் கூப்பிட்டால் எவ்வளவு காலம்தான் வயிற்றுவலி என்று சொல்வது? அய்யனார் கோயில் மண்குதிரையைத் தவிர வேறு குதிரை அறியாதவன் லாயத்து வாசலில் போய் நின்றான்.

சாதாரணப் பேன்ட்டோடு ஏறியதில் அங்கவடி வார் கெண்டைக்கால் சதையைக் கிள்ளி எடுத்துவிட்டது. முட்டி வரை பூட்ஸ் போடுவது அதற்காகத்தான். குதி வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. பாதம் அங்கவடிக்குள் முழுசாக நழுவி மாட்டிக்கொண்டால், கீழே விழுந்தவனைக் குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடும். (இந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

கடையில் பூட்ஸ் கூரை வரை அடுக்கியிருந்தது. பாதம் 41 என்றால் உயரம் 48 சென்டிமீட்டர், கெண்டைக்கால் 38 என்று சுவரில் ஓர் அட்டவணை. பெரியவனுக்குப் பாதம் 41 சரிதான். தரையிலிருந்து முட்டி மடிப்பு வரை அளந்தால் 42. கெண்டைக்கால் சுற்றளவு? அதுவும் 42. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி அளந்தார். வேப்பூர் கூட்ரோடு வரை மிதித்த சைக்கிளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

முதல் ஜோடியில் பின்பக்க ஜிப் பாதி வழியில் நின்றது. ஜிப்பை ஒட்டி எலாஸ்டிக் பட்டை வைத்த மாடல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்குமாம். பெரியவனுக்கு வேண்டியது நாலு. அகலம் சரியாக இருந்த ஜோடியோ முட்டியைத் தாண்டி ஏறிக்கொண்டது. காலை மடக்க முடியவில்லை. குதிரைக்குப் பக்கத்தில் நிற்கலாம், மேலே உட்கார முடியாது.

இது பெரியவன் ஒருத்தனுக்கு வந்த கஷ்டம் இல்லை. அடையாற்றில் 1948-லிருந்து இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதத்தை அளந்து பார்த்தது. நம் ஜனங்களுக்குப் பாதம் ஐரோப்பியர்களைவிட அகலம் என்று கண்டு, வெள்ளைக்காரன் காலத்து அளவுக்குப் பதிலாக ‘பா’ என்று புது அளவுமுறையே தயாரித்திருக்கிறது. ஆனால் அது பாதத்தோடு நின்றுவிட்ட கணக்கு. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகின்றன. நம்மூர் நல்லூர்க் கெண்டைக்காலுக்கு மட்டும் ரெடிமேட் கிடையாது.

மிச்சமிருந்த ஒரே வழி அளவு கொடுத்துத் தைப்பது. அங்கேதான் இந்த ஊர்ச் சட்டம் வருகிறது. அளவைச் சாயங்காலம்தான் எடுக்க வேண்டும், காலையில் கால் வற்றியிருக்கும். குதிரைப் பேன்ட்டும் குதிரை சாக்ஸும் போட்டிருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டி செங்கோணத்தில் இருக்க, பாதம் தரையில் படிந்திருக்க வேண்டும். கணுக்கால், கணுக்காலுக்கு மேல், கெண்டைக்காலின் பருத்த இடம், முட்டிக்குக் கீழ் என்று படிப்படியாக அளக்க வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியாக. எல்லாவற்றுக்கும் மேலாக, அளப்பது வேறொரு ஆளாக இருக்க வேண்டும். தானே குனிந்து அளந்தால் சதை இறுகி அளவு பொய் சொல்லுமாம்.

வேறொரு ஆள்! தனிக்கட்டை எங்கே போவான்? மேல் வீட்டுப் பாட்டியிடம் போய் நின்றான். பாட்டி டைரியைப் புரட்டி, வியாழக்கிழமை நாலு மணிக்கு வரச் சொன்னார். சரியாக நாலுக்கு இஞ்சி டேப்போடு கதவைத் திறந்தார். ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை எடுத்தார். வலது கால் இடதைவிட ஒரு சென்டிமீட்டர் பெருசு என்று சிவப்பு மையில் கோடு போட்டார். கடைசியில் கீழே கையெழுத்தும் போட்டார். படிவத்தில் கையெழுத்துக்கு இடமே இல்லை.

உயரத்தை 44 என்று எழுது என்றார் தைப்பவர். புதுத் தோல் கணுக்காலில் மடிப்பு விழுந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இறங்கிவிடும் என்பது கணக்கு. சூளையில் சுருங்குமென்று அச்சைப் பெரிதாக எடுக்கிற செராமிக் காலேஜ் பாடம்தான், தோலுக்கும் அதுவே. தோல் இறங்கும்வரை பூட்ஸ் முட்டி மடிப்பைக் கடித்தது. உடனே நம்மூர்க் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பிராது எழுத உட்கார்ந்துவிடாதே. கிலோமீட்டர் கணக்கில் பணம் கட்டுகிற இடம் அது. இங்கிருந்து 7,000-க்கு மேல் வரும். எதிரி யாரென்று எழுதுவாய், கெண்டைக்கால் என்றா?

முதலில் கெடுவது ஜிப்தான் என்று ஜிப் இல்லாமலே தைத்தாயிற்று. கழற்ற ஒரு பலகை இருக்கிறது. ஒரு முனையைக் கவட்டையாக வெட்டியிருக்கும். அதில் குதியை மாட்டி, மறுகாலால் பலகையை மிதித்து உருவ வேண்டும். லாயத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று. இந்த ஊரில் யாரும் யார் காலையும் பிடித்து இழுப்பதில்லை. அதற்குத்தான் பலகை.

ஆனால் ஹம் ஊர்க் காமாட்சி அம்பாள் கோயில் வாசலில் பலகை இல்லை. ஃபேக்டரிகளுக்கு நடுவே 2002-ல் கும்பாபிஷேகம் ஆன கோயில், 17 மீட்டர் கோபுரம். தேர்த் திருவிழாவுக்குப் பெரியவன் லாயத்திலிருந்து நேரே காரில் போய் இறங்கிவிட்டான். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டிருந்தவனை யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் பார்த்தார். “தம்பி, காலைக் காட்டும்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார், குதியைப் பிடித்தார், ஒரே இழுப்பு. பூட்ஸோடு அவரும் பின்னால் சாய்ந்தார். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். “என்ன ஊர்?” என்றார். விருத்தாசலம் பக்கம் என்றதும், அடுத்த காலையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டே, மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று விசாரித்தார். மணிமுத்தாறு பெயரைச் சொல்லும்போது பெரியவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஜெர்மன் குளிர்தான், வேறொன்றும் இல்லை.

முந்திரியும் வடகமும் யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. பூட்ஸ் விலையை அப்பா கேட்டால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று மட்டும் சொல். ஆயிரம் என்ன என்று கேட்டால் அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விடு. சின்னவளைப் பக்கத்தில் விடாதே, யூரோவை ரூபாயில் பெருக்க அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பெரியவன்