வரமும் சாவிக்கொத்தும்

கேள்வி: அந்நிய பாஷையில் ஜெபிப்பவர், குணமாக்கும் வரமும் உள்ளவர். அவரையே சபைத் தலைவராக்கினால் என்ன?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: ஜெபிக்கட்டும், நல்லது. சாவிக்கொத்தை மட்டும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள்! கண்காணிக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார்: பண ஆசை கூடாது, சொந்த வீட்டை ஒழுங்காக நடத்தியிருக்க வேண்டும். குணமாக்கும் வரம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போதோ ஆளுகையையும் ஒரு வரமாகவே சேர்த்துவிடுகிறார். கடலூர்க்காரர் ஆரோன்கூட பல ஆண்டுகள் உபதேசியாராக உழைத்த பிறகுதான் 1733-இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைக் கொட்டி, சில்லறையை அடுக்கி எண்ணி, நோட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுவார்களே, அந்த மேஜையில் நீங்கள் சொல்பவரை முதலில் ஒரு வருடம் உட்கார வையுங்கள்.