ரகரத்துக்கு இரண்டு புள்ளி

உலகத்தில் இப்போது ஓரமெல்லாம் படிக்கட்டாய்த் தெரியும் புள்ளியெழுத்துக்குத்தான் மவுசு. கோப்பிக் கடைப் பலகையிலும் டீசேட்டிலும் 1980இல் வந்த பக்-மான் திரைவிளையாட்டுக் காலத்து எழுத்தை ஒட்டிவிட்டு, பழைய நினைவு என்கிறார்கள். வன்னியில் அந்த நினைவை எங்கே போய்த் தேடுவது? 1990க்குப் பிந்திய பொருளாதாரத் தடையில் பற்றரியே கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சனம் வானொலி கேட்ட மண் இது. திரையையே காணாதவர்களுக்குத் திரையின் கரடுமுரடில் என்ன ஏக்கம்? புள்ளியெழுத்து இங்கே பெருவாரியாக வந்ததே போருக்குப் பிறகு, கடைவாசலிலும் பஸ்ஸின் நெற்றியிலும் சிவப்பாக ஓடிக்கொண்டு. அலங்காரத்துக்கு நிற்பவர் சும்மா நிற்கலாம். கூலிக்கு வந்தவரிடம் வேலை கேட்கத்தான் வேண்டும்.

அந்த வேலை லேசானதல்ல. வழக்கமான பலகைத் துண்டு ஒன்றில் உயரத்துக்கு 16, அகலத்துக்கு 32, ஆக 512 விளக்குகள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு எட்டுக்கு எட்டுக் கட்டமே தாராளம். 'கிளிநொச்சி'க்கோ மூன்று விசிறி, ஒரு கொம்பு, ஒரு அரவு, தலையில் ஒரு குற்று. இடம் போதாதென்று வரைகிறவர் முதலில் வெட்டுவது ரகரத்தின் வாலை. வால் போன ரகரம் அரவேதான். பரந்தன் 'பாந்தன்' ஆகிறது. மாங்குளத்தை 'மரங்குளம்' என்றும் வாசிக்கலாம், அங்கே மரமும் குளமும் இருப்பதால் முறைப்பாடு வராது. அடுத்த வெட்டு ணகரத்துக்கு. எல்லா வாகனமும் நின்று தேங்காய் உடைத்துப்போகும் முறிகண்டிப் பிள்ளையாருக்கே ஒரு சுழி குறைந்துவிடும்.

ஏட்டுச்சுவடியில் ஓலை கிழியுமென்று குற்றே வைக்காமல் எழுதினார்களே, ரகரமும் அரவும்கூட அங்கே ஒன்றாகத்தானே கிடந்தன, அப்போது வாசிக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுவடி வாசித்தவர் திண்ணையில் சாய்ந்திருந்து, போன வரியையும் வருகிற வரியையும் பார்த்து ஊகித்தார். பஸ் பலகையில் போன வரியும் இல்லை, வருகிற வரியும் இல்லை. ஊகித்து முடிப்பதற்குள் பஸ் புளியங்குளம் தாண்டிவிடும். கைத்தொலைபேசியில் வழுவழுப்பான எழுத்து வந்துவிட்டதே என்பார்கள். வந்தது தொலைபேசிக்கு; 16 வரிசைப் பலகைக்கு அல்ல. ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் தீருமே என்பவர்கள், அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியதை ஒருமுறை வாசிக்கலாம், அது வழுவழுப்பாகத்தான் அச்சாகியிருக்கிறது.

மருந்து ஒன்றும் பெரிதில்லை. மேலே மூன்று வரிசை குற்றுக்கும் விசிறிக்கும், கீழே நான்கு உகரக் கொக்கிக்கு, நடுவில் ஒன்பது உடம்புக்கு. அந்தக் கீழ் நான்கில் ரகரத்தின் காலடியில் இடப்பக்கம் சரிவாக இரண்டு புள்ளி எரிந்தால் பரந்தன் பரந்தனாகிவிடும். விளக்கு 512உம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி மாட்டியவை. இரண்டைக் கூட எரித்ததற்காக மின்சார சபை தனியாகப் பட்டியல் அனுப்பப்போவதில்லை.