யாருக்கு யார் இரங்குவது?

தாம்பரம் மின்சார ரயிலுக்கு, அது 1931இல் ஓடத் தொடங்கிய நாள் முதலே ஒரு விசேஷம் இருந்தது. அதன் ஒரு முனை துறைமுகத்தின் வாசலில் இருந்தது. மறு முனையோ நரி ஊளையிடும் புதர்க்காட்டை ஒட்டி இருந்தது. ஆகையால் கடலில் உழன்று சலித்த எவனாவது பீச் ஸ்டேஷனில் ஏறி, வண்டி ஓடும் மட்டும் இறங்குவதில்லை என்ற சங்கல்பத்துடன் உட்கார்ந்துவிட்டால், 18 மைலுக்கு அப்பால் தாம்பரத்தில் வந்து விழுவதைத் தவிர அவனுக்கு வேறு கதி இருக்கவில்லை.

ஐம்பதுகளில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அவ்வாறு வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார மாலுமிக்கு எதிரே, எழும்பூரில் ஏறிய கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அமர்ந்தார். அவர் ஸ்காட்லாந்துக்காரர், 1937இல் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது அதனோடு வந்தவர், கீரைக்காரியிடம் அரையணாவுக்காகத் தமிழில் வாதாடி ஜயிக்கக்கூடியவர். மாலுமியோ கிளாஸ்கோவில் பிறந்தவன். அப்புறம் கேட்கவேண்டுமா? நான் பத்திரிகையைக் கண்களுக்கு நேரே விரித்துக்கொண்டு, செவிகளை அவர்கள் வசம் ஒப்புவித்தேன்.

காடு பார்க்க வேண்டுமென்று துறைமுகத்தில் யாரையோ விசாரித்தானாம். ரயில் எங்கே முடிகிறதோ அங்கே காடு ஆரம்பம் என்றார்களாம். பேராசிரியருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. 360 ஏக்கருக்கு மேற்பட்ட கல்லூரி வனத்தையும், இரசாயனப் பேராசிரியரான எட்வர்டு பார்ன்ஸ் அங்கே பாடுபட்டு நட்டு வளர்த்த மரங்களையும், தாவர சாஸ்திர நாமாவளியோடு மாம்பலத்தில் வர்ணிக்கத் தொடங்கியவர், பரங்கிமலை வந்த பிறகே நிறுத்தினார். அதுவும் மலையைச் சுட்டிக் காட்டுவதற்காக. போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் நடுக்கடலிலிருந்து இந்தக் குன்றை அடையாளம் கண்டுதான் கரை பிடித்தார்கள் என்று கேட்டதும், அதுவரை கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த மாலுமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அதை உரிய மரியாதையுடன் நோக்கினான்.

உற்சாகமடைந்த பேராசிரியர், மலைக்குப் படிகள் கட்டுவித்த பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகரின் சரித்திரத்தை எடுத்தார். கடல் வாணிபத்தில் பெரும் பொருள் ஈட்டிச் சென்னையிலேயே வாழ்ந்து 1751இல் காலமான அந்தத் தனவந்தர், தம் சரீரம் இங்கே அடங்கினாலும் இருதயம் மட்டும் பாரசீகத்திலுள்ள தம் ஜன்மபூமியான ஜூல்பாவுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று விரும்பினார் என்பதையும், அவ்வாறே அது பொற்பேழையில் வைத்து அனுப்பப்பட்டது என்பதையும் சொல்லி முடிக்கையில் அவர் குரல் தழுதழுத்தது. என் கண்களும் பத்திரிகைக்குப் பின்னால் கலங்கின.

"சரக்குக் கூலி யார் கொடுத்தது?" என்று கேட்டான் மாலுமி.

பேராசிரியர் குரோம்பேட்டை வரையில் பேசவில்லை.

தாம்பரத்தில் இறங்கியதும் விருந்தாளிக்கு வாழைப்பழம் வாங்க அவர் அப்பால் சென்ற சமயம், மாலுமி என்னை நெருங்கி, "நல்ல மனிதர், பாவம்! எத்தனை வருஷமாக இங்கே அகப்பட்டுக்கொண்டு தவிக்கிறாரோ! எங்கள் கப்பல் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறது. காப்டனிடம் சொல்லி ஓர் இடம் பார்க்கலாமா?" என்று அந்தரங்கமாகக் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் பேராசிரியர் திரும்பிவிட்டார். மாலுமி பூட்ஸ் கயிற்றை முடியக் குனிந்த நேரத்தில் அவர் என் பக்கம் சாய்ந்து, தமிழில், "பாவம் பிள்ளை! காலூன்ற ஒரு பிடி மண் இல்லை. பன்னிரண்டு மாதமும் தண்ணீரிலேயே கிடக்கிறான். ஒரு வேளை ரசம் சாதமாவது கண்டிருப்பானா?" என்றார். இருவருடைய இரக்கமும் கலப்பற்றது. அதைப்பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

கும்பகோணத்தில் பிறந்து, காவேரி ஸ்நானத்தையும் கொழுந்து வெற்றிலையையும் துறந்து, உத்தியோகத்தின் நிமித்தம் மேற்குத் தாம்பரத்தில் உப்புக் கிணற்றோடு கூடிய ஒரு வாடகை வீட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். இவ்வளவு கருணையை வைத்துக்கொண்டு, அவ்விருவரில் ஒருவராவது என்னைப் பார்த்து ஒரு 'பாவம்' சொல்லியிருக்கலாம்.