விழுந்தது எப்போது? சொன்னது எப்போது?

ஆஸ்திரேலிய முதியோர் இல்லங்கள் பற்றி அங்குள்ள வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: இல்லத்தில் ஒரு பெரியவரை ஊழியர் அடித்துவிட்டால் நிர்வாகம் யாரிடம் சொல்ல வேண்டும்? (வெஸ்ட்மீட் வாசகி)

பதில்: முதியோர் பராமரிப்புத் தர, பாதுகாப்பு ஆணையத்திடம். உடலுக்கோ மனதுக்கோ சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் பாதிப்பு என்றால், விஷயம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள். மற்றவற்றுக்கு 30 நாள். பாலியல் அத்துமீறல், எதிர்பாராத மரணம், போலீஸுக்குச் சொல்லுமளவுக்கு ஆள் காணாமல் போவது: இம்மூன்றுக்கும் எப்போதும் 24 மணி நேரம்தான். ‘திங்கட்கிழமை மேனேஜர் வரட்டும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: அடித்தவர் மறதிநோய் உள்ள இன்னொரு முதியவர். ‘பாவம், அவருக்கு என்ன தெரியும்’ என்கிறார்களே?

பதில்: அவருக்குத் தெரியாது, நிர்வாகத்துக்குத் தெரியுமே! பழைய சட்டத்தில் இதை அறிவிப்பதிலிருந்து நிபந்தனையோடு விலக்கு இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள எஸ்.ஐ.ஆர்.எஸ். என்ற கடுஞ்சம்பவ அறிவிப்புத் திட்டம் அந்த விலக்கை நீக்கியது. நல்ல காரியம். அறிவிப்பது அந்த முதியவரைத் தண்டிக்க அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் ஏன் எழுந்து நடக்கிறார், அடுத்த அறைக் கதவை ஏன் திறக்கிறார், எங்காவது வலியா, சிறுநீர்த் தொற்றா, அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாராவது உட்கார்ந்து விசாரிப்பதற்காக. விசாரிக்காவிட்டால் நாளை அதே கதவு மறுபடி திறக்கும். அடிவாங்கியவரும் ஒரு வீட்டின் அம்மாதானே?

கேள்வி: அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். ஆணையத்துக்குச் சொல்லத் தேவையில்லையாம். உண்மையா? (மெல்பர்ன் வாசகர்)

பதில்: வெறும் வழுக்கல் என்றால் உண்மைதான். ஆனால் ‘இருவர் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும்’ என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்க, ஒருவரே கூட்டிப்போயிருந்தால் அது அலட்சியம் ஆகலாம். அலட்சியம் அறிவிக்க வேண்டிய பட்டியலில் உண்டு. எப்படியிருந்தாலும் இல்லத்தின் சம்பவப் பதிவில் ஏறியாக வேண்டும். அம்மாவின் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கேள்வி: புகார் கொடுத்தால் கோபத்தை அப்பாவிடம் காட்டுவார்களோ?

பதில்: பழிவாங்கக் கூடாது என்பது சட்டம். பயமாக இருந்தால் பெயர் சொல்லாமலே ஆணையத்திடம் புகார் தரலாம். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அப்பாவால் பேச முடியாத இடத்தில் நீங்கள் பேசுங்கள்; தள்ளிப்போடாதீர்கள்.