காதைப் பொத்தினோம், மூக்கை விட்டோம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் ஆளை அடையாளம் கண்டுபிடிப்பதே கடினம். பெரியவர்கள் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லா. விடியற்காலை பஜனைக்குப் போனாலும் பால் வாங்கப் போனாலும், "பனி இறங்குதுடா, காதைப் பொத்திக்கோ" என்று அத்தை வாசல் வரை வந்து சொல்லுவாள். தலை, காது, கழுத்து, நெஞ்சு எல்லாம் மூடியிருக்கும். மூக்கும் வாயும் மட்டும் திறந்திருக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, மயிலாடுதுறைக்குப் போகும் முதல் பேருந்தில் அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து தும்மிக்கொண்டே போவோம். இது 1970களின் கதை.

சளி எதனால் வருகிறது என்று கேட்டால் ஊரில் எல்லோரிடமும் பதில் இருந்தது. பனி, எண்ணெய் தேய்த்துக் குளித்தது, ராத்திரி தயிர், கொய்யாப்பழம், ஐஸ். பக்கத்தில் இருந்தவரிடமிருந்து வந்தது என்று மட்டும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வைத்தியத்துக்கும் குறைவில்லை. நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது, நெற்றியில் சுக்குப் பற்று, சுட்ட மஞ்சளின் புகை, கற்பூரவல்லிச் சாறு, மிளகு ரசம். இவற்றில் பல உடம்புக்கு இதமானவை. இன்றும் எனக்குப் பிடித்தவை. ஆனால் எல்லாமே சளி பிடித்தவருக்கானவை. அவருக்குப் பக்கத்தில் படுத்திருப்பவருக்காக ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் படுத்திருந்தது பெரும்பாலும் அத்தைதான். அவளுக்கு இழுப்பு உண்டு. எங்களுக்கு மூக்கு ஒழுகி நான்கு நாளில் சரியாகிவிடும். அதே சளி அவளிடம் போனால் நெஞ்சில் இறங்கிவிடும். இரவு முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவிப்பாள். சளியைத் தரும் வைரஸ்களில் முதலிடம் ரைனோவைரஸுக்கு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பைத் தூண்டிவிடும் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று. இதை அன்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. "பனி ஒத்துக்கலை" என்று சொல்லி, அவளுக்கு இன்னொரு போர்வை கொடுத்தோம்.

வாயைப் பொத்திய மனிதர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள். மிராசுதார் வீட்டு வாசலில் கூலிக்காக நின்றவர்கள் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். அவர்கள் மூச்சு அவர்மேல் படக் கூடாதாம். அவரோ அவர்கள் முகத்துக்கு நேராக இருமுவார். அந்தக் கொடுமைக்கும் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் வாயை மூடுவது தாழ்ந்து நிற்பதன் அடையாளம் என்று கண்டு வளர்ந்த ஊரில், சளி பிடித்தவர் பிறருக்காகத் தன் வாயை மூடிக்கொள்ளலாம் என்று ஒருவருக்கும் தோன்றாததில் வியப்பில்லை.

பனியின் மேல் நாங்கள் சுமத்திய பழியை இங்கிலாந்தில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தார்கள். சாலிஸ்பரியில் சளியை ஆராயவே 1946இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அங்கே தொண்டர்களை நனைந்த உடையோடு குளிர்காற்று வீசும் நடையில் நிற்கவைத்தார்கள். அதனால் அவர்களுக்குச் சளி கூடுதலாக வரவில்லை. குளிர் காற்று மூக்குக்குள் எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்தக்கூடும் என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே அத்தையின் மப்ளரை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். என்றாலும் வைரஸ் இல்லாமல் வெறும் பனி மட்டும் சளியைத் தராது. அது இன்னொரு மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்.

எப்படி வருகிறது? கை வழியாகத்தான் என்று வெகுகாலம் வாதாடினார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து எலியட் டிக் 1987இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சளி பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் ஒரே அறையில் 12 மணி நேரம் சீட்டாட வைத்தார். சளி இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு, முகத்தைத் தொட முடியாதபடி கையிலோ கழுத்திலோ தடுப்பு மாட்டிவிட்டார். முகத்தைத் தொட முடிந்த 18 பேரில் 12 பேருக்குச் சளி தொற்றியது. தொடவே முடியாத 18 பேரில் 10 பேருக்குத் தொற்றியது. பிறகு, சளிக்காரர்கள் ஆடி ஆடிப் பிசுபிசுத்துப் போன சீட்டுகளை வேறொரு அறைக்குக் கொண்டுபோய், 12 பேரை அவற்றால் ஆடச் சொல்லி, அடிக்கடி முகத்தைத் தொடவும் சொன்னார்கள். ஒருவருக்கும் தொற்றவில்லை. கைக்குப் பங்கே இல்லை என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. கை வழியாகப் பரவுவதைக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் அடைத்த அறையின் காற்று எவ்வளவு சுமக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. எங்கள் முதல் பேருந்தும் அப்படி ஓர் அறைதான்.

அப்படியானால் மாஸ்க் போட்டால் சளி வராதா? அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. நார்வேயில் 4,647 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2024இல் வந்தது. இரண்டு வாரம் பொது இடங்களில் சர்ஜிக்கல் மாஸ்க் போட்டவர்களில் 8.9 சதவீதம் பேர் சளி, இருமல் போன்ற தொல்லை வந்ததாகச் சொன்னார்கள். போடாதவர்களில் 12.2 சதவீதம். பயன் உண்டு, சிறிய பயன். ஹாங்காங்கில் 2020இல் வெளியான ஆய்வில், சாதாரணச் சளியைத் தரும் பழைய கொரோனா வகைகள் மூச்சில் வெளிவருவதை மாஸ்க் குறைத்தது. ரைனோவைரஸில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அதே ஊரில் அந்த ஆண்டு பள்ளிகள் திறந்ததும், குழந்தைகள் மாஸ்க் போட்டிருந்தும் ரைனோவைரஸ் பரவி வகுப்புகளை மூட வேண்டி வந்தது. ஃப்ளூவோ தலைகாட்டவே இல்லை. வந்த சளியை மாஸ்க் குணப்படுத்தாது. விடும் மூச்சின் ஈரத்தைக் கொஞ்சம் உள்ளேயே வைத்திருப்பதால் வறண்ட மூக்குக்கும் தொண்டைக்கும் இதமாக இருக்கலாம்.

இவ்வளவு சிறிய பயனுக்கா இத்தனை வாதாடுகிறேன் என்று கேட்கலாம். அத்தையின் இரவுகளைப் பார்த்தவன் நான். அவற்றில் ஒன்று குறைந்தாலும் போதும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2020இல் மாஸ்க் வந்தபோது கூடவே 200 ரூபாய் அபராதமும் வந்தது. பிறகு 500 ஆனது. போலீஸைக் கண்டால் மூக்குக்கு ஏறும், தாண்டியதும் தாடைக்கு இறங்கும். இது பக்கத்தில் இருப்பவருக்காக என்று மக்களுக்குப் புரியவைக்க எடுத்த முயற்சி அபராதத்துக்கு எடுத்த முயற்சியில் பாதிகூட இல்லை. அபராதம் நின்றதும் மாஸ்க்கும் போய்விட்டது. ஜப்பானில் சளி பிடித்தவர் மாஸ்க் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவது கொரோனாவுக்கு முன்பிருந்தே வழக்கம். நாமும் ஏறக்குறைய அந்த வழக்கத்துக்கு வந்தோம். அதை நழுவவிட்டதுதான் எனக்கு ஆறாத வருத்தம். இன்று சென்னைப் பேருந்தில் நான் மாஸ்க்கோடு உட்கார்ந்தால், "என்ன சார், மறுபடியும் கொரோனாவா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போகிறார்கள். தும்முகிறவர் பக்கத்திலோ தைரியமாக உட்காருகிறார்கள்.

சளி பிடித்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் வைரஸ் அதிகம் வெளியேறும். முடிந்தால் அந்த நாட்களில் வீட்டில் இருங்கள். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் மாஸ்க் போடுங்கள், மூக்கையும் சேர்த்து மூடுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வீட்டில் இழுப்பு உள்ள பெரியவரோ கைக்குழந்தையோ இருந்தால் வீட்டுக்குள்ளும் மாஸ்க் போடுங்கள். பேருந்தில் உங்கள் பக்கத்தில் மாஸ்க் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தால், தயவுசெய்து எழுந்து போகாதீர்கள்.