பாலைப்பழக் காலத்தில் வாருங்கள்

கேள்வி: ஜேர்மனியிலிருந்து வந்திருக்கும் மருமகன், அங்கே ஞாயிறுதோறும் குடும்பத்தோடு காட்டில் நடப்பாராம். வன்னியில் காடு இருந்தும் நாங்கள் ஏன் நடப்பதில்லை?
– வாசகி, முள்ளியவளை

பதில்: நடக்கிறோமே, அம்மா! அங்கே 1975ஆம் ஆண்டு வனச்சட்டம், தனியார் காட்டிலும் உலாவ எல்லோருக்கும் உரிமை தருகிறது. கரடிப் பயமும் இல்லை. 2006இல் பவேரியாவுக்குள் ஒரேயொரு கரடி வந்தது. ‘புரூனோ’ என்று பெயரிட்டு நாடே பேசியது, பிறகு சுட்டுவிட்டார்கள். வன்னிக் கரடிக்குப் பெயர் வைக்கும் அளவுக்கு எவரும் கிட்டப் போனதில்லை! பாலை பழுத்தால் மரத்தின் மேலே அது, கீழே நாங்கள். அதனால்தான் அவர்கள் அமைதி தேடிப் போகிற காட்டுக்குள் நாங்கள் கூட்டமாய்க் கூக்காட்டிக்கொண்டு போகிறோம். உதடு ஒட்டும்வரை தின்று, மிச்சத்தை வாளியில் கொண்டுவந்து அயலுக்கும் கொடுக்கிறோம். இதுவும் காட்டுப் பாசம்தான்.

என் கவலை வேறு. போர்க்காலக் கண்ணிவெடிகள் மூடிய நிலத்தை, அகற்றுவோர் உயிரைப் பணயம் வைத்துத் திறந்துதந்தார்கள். இப்போது முதிரையும் பாலையும் களவாக வெட்டுப்படுகின்றன. ஒரு பாலை பருத்து வைரமேறத் தலைமுறைகள் வேண்டும். வாளுக்கு அரை மணித்தியாலம் போதும். மருமகனை ஆனியில் கூட்டிப்போங்கள், வழி தெரிந்த ஊரவர் ஒருவரோடு. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்டால் மட்டும் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.