பதிவேட்டில் விளைந்த கத்தரி

பள்ளிதோறும் காய்கறித் தோட்டம் போடச் சொல்லி 2019இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. பிள்ளைகளே விதைக்க வேண்டும், விளைந்தது மதிய உணவில் சேர வேண்டும். நல்ல யோசனைதான். 1937இல் வார்தாவில் காந்தி பேசிய கைத்தொழில்வழிக் கல்விக்குப் பேரன் முறை.

நடைமுறையில் முதலில் முளைப்பது ஃபிளெக்ஸ் பேனர். அடுத்தது முருங்கைப் போத்து. ஒரே போத்தை எட்டுக் கைகள் பிடிக்க, பின்னால் ஒரு பையன் பூவாளியோடு நிற்பான். போட்டோ எடுத்ததும் பூவாளி அலுவலக அறைக்குள் போய்விடும். தொலைந்தால் தணிக்கைக்கு யார் பதில் சொல்வது?

சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். ஆனால் தோட்டத்துக்கான பாடவேளையைக் கணக்கு சார் கடன் வாங்கியிருப்பார். அந்தக் கடன் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. மண்ணைத் தொடும் பாக்கியம் வீட்டுப்பாடம் எழுதாதவனுக்கு மட்டும், அதுவும் தண்டனையாக. கத்தரிக் குருத்து வாடித் தொங்கினால் தண்டைப் பிளந்து இளஞ்சிவப்புப் புழுவைத் தேட வேண்டும் என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதே புழுவை முதல் மாணவி ஐந்து மதிப்பெண்ணுக்கு அழகாக வரைவாள். நேரில் கண்டால் அலறுவாள்.

கோடை விடுமுறைக்குப் பூட்டிய பள்ளி ஜூனில் திறக்கும்போது, ஆடுகள் செய்முறைத் தேர்வை முடித்திருக்கும். தோட்டப் பதிவேட்டில் மட்டும் மே மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகள் உட்பட.